வாசமில்லாத மெழுகுவர்த்தி

மொரப்பூர் ரயிலடித் தெருவில் அஸ்கரி பேகத்தின் வீட்டைக் கண்டுபிடிக்க யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. மூக்கு இருந்தால் போதும். கணவர் அப்துல் சுபான் அத்தர் வியாபாரி. வாரத்தில் பாதி நாள் ரயிலேறிப் போய் ஆம்பூர், வாணியம்பாடி என்று பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் பெட்டியைத் திறந்து வைத்து உட்காருவார். மீதி நாள் பெட்டி வீட்டில் இருக்கும். மல்லி, ரோஜா, சந்தனம், கஸ்தூரி எல்லாம் சுவரில் ஏறி, பாயில் ஏறி, கடைசியில் புளிக்குழம்பிலும் ஏறிவிட்டதாக விருந்துக்கு வந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அஸ்கரிக்கு அது எதுவும் தெரியாது. இத்தனை வருஷம் அத்தருக்குள்ளேயே குடித்தனம் நடத்தியவளின் மூக்கு என்றைக்கோ வேலையை விட்டு நின்றுவிட்டது.

மெழுகுவர்த்தி செய்வதைப் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் கற்றுக்கொண்டிருந்தாள். பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பொழுது போக வேண்டாமா? கண்ணாடி டம்ளரிலும் சாத்துக்குடித் தோலிலும் மெழுகை ஊற்றி, ரோஸ் கலர் சாயம் போட்டு, காலியான அத்தர் குப்பிகளின் அடியில் ஒட்டியிருந்ததை அதில் கழுவி விடுவாள். சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ்களுக்கு அதைத்தான் பரிசாகக் கொண்டுபோவாள். அப்துல் சுபான் அதை 'உன் சொப்பு விளையாட்டு' என்பார். கோபமாக இல்லை, செல்லமாகத்தான். ஆனாலும் அவளுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

அந்த விளையாட்டு தொழிலானதற்குக் காரணம் பட்டுப்புழு. கம்பைநல்லூர்ப் பக்கம் முசுக்கொட்டை பயிர் செய்து புழு வளர்த்த சாலம்மாள் ஒரு சந்தை நாளில் இவளிடம் வெறும் வெள்ளை மெழுகுவர்த்தி இரண்டு வாங்கிப் போனாள். அடுத்த சந்தைக்கு வந்தவள் கூடையைக் கீழே வைப்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்.

"பாயம்மா, கரண்டு போனா புழு வூட்டுல சீமெண்ணெ வெளக்கு ஏத்த முடியாதுங்க. அந்த நாத்தத்துக்கு புழு தழைய மோந்துகூட பாக்காது. கடை வத்திய ஏத்துனா, தழை போட்டு முடிக்கறதுக்குள்ள ஒழுவி அணைஞ்சி போவுது. உங்களுது நின்னு எரியுதுங்க. எங்கூர்ல எல்லாரும் கேக்கறாங்க, செஞ்சி தருவீங்களா?"

அஸ்கரிக்குத் தலைகால் புரியவில்லை. "இன்னும் நல்லா செஞ்சி தரன். மல்லி வாசம் போட்டுத் தரட்டுமா?" என்றாள்.

சாலம்மாள் இரண்டு கையாலும் கும்பிட்டாள். "ஐயோ, அத மட்டும் செஞ்சிடாதீங்க. தலையில பூ வெச்சிகிட்டுகூட நாங்க உள்ள போறதில்ல. எங்கூட்டுக்காரரு பீடிய தொட்டா கை கழுவிட்டுதான் புழு தட்டுகிட்ட வரணும். வாசம் பட்டா புழு திங்காம கெடந்து சுருண்டு போயிடுங்க."

அன்றைக்கு ஆரம்பித்தது. சேலத்திலிருந்து அலுமினிய அச்சுகள் வந்தன. அச்சில் நூல் திரியைக் கட்டி, உருகிய மெழுகை ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிட்டு, திறந்து எடுத்து அடியைச் சீவ வேண்டும். சீவிய துண்டுகளை டின்னில் சேர்த்து, அடுத்த உருக்கில் போட வேண்டும். ஒரு துண்டையும் வீணாக்க மாட்டாள். முதலில் சாலம்மாள் ஊர், பிறகு பக்கத்து ஊர்கள் என்று கரண்டு போகும் ஊரெல்லாம் அவளுக்கு வாடிக்கையானது. எண்பத்தாறு வாக்கில் கரண்டு போகாத ஊர் ஏது? மின்சார இலாகாவை எல்லோரும் திட்டிக்கொண்டிருக்க, இவள் ஒருத்திதான் வாய் திறக்காமல் இருந்தாள். அவள் கைக்கு வந்ததில் வீட்டுக்கு ஓடு மாற்றினார்கள். அதன் பிறகு அப்துல் சுபான் 'சொப்பு விளையாட்டு' என்று சொல்வதை நிறுத்திவிட்டார்.

ஆனால் நாளாக ஆக அவளுக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. தெரியாத்தனமாக வாசம் கலந்துவிட்டால்? கலந்தால் தனக்குத் தெரியவே தெரியாதே! மூக்கை நம்ப முடியாதவள் கண்ணை நம்பினாள். வாசம் போட்டதென்றால் ரோஸ் கலர், புழுவுக்கென்றால் வெள்ளை. பாத்திரம் வேறு, டின் வேறு. உருக்குவதும் வீட்டுக்குள் இல்லை, பின்கட்டில் தள்ளிப் போட்ட கூரையின் கீழே. படுத்த பிறகும் எழுந்து வந்து, வெள்ளை டின்னைத் திறந்து ரோஸ் துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவளைக் கவிழ்த்தது ஒரு கல்யாணம். ஆம்பூரில் அப்துல் சுபானின் சொந்தத்தில் பெண் வீட்டார், மேடை முழுக்க மெழுகுவர்த்தி வேண்டும், மல்லி மணக்க வேண்டும், ஆனால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்டு அனுப்பினார்கள். அஸ்கரி ஆசையாசையாகச் செய்தாள். அடியைச் சீவினாள். கையில் இருந்தது வெள்ளைத் துண்டு. வெள்ளைத் துண்டுக்கு ஒரு டின் இருக்கிறது. கை தானாகப் போய் அதில் போட்டது. அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த வார்ப்பில் அந்தத் துண்டுகள் எல்லாம் உருகி, பொட்டலமாகி, சந்தையன்று காலையில் சாலம்மாள் கூடையில் ஏறிப் போய்விட்டன. "புழு கடைசித் தோல உரிச்சிடுச்சுங்க பாயம்மா. இப்ப பேய்த்தீனி திங்குது. இன்னும் கொஞ்ச நாள்ல கூடு கட்டிடும். இந்தக் கூட்ட வித்தாதான் கெணத்த தோண்ட முடியும். இல்லன்னா தோட்டமே காஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டுத் தீர்த்தம்மாள் அன்று மதியம்தான் இண்டூரில் அம்மா வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். அவள் வீட்டுச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது. கரண்டு இல்லை என்று அஸ்கரியிடம் ஒரு மெழுகுவர்த்தி வாங்கிப் போனவள் சோறு வடிக்கும் நேரத்துக்குள் திரும்பி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, என்னா அக்கா இது! ஏத்தி வெச்சா அடுப்படி முழுக்க மல்லியப்பூவா மணக்குது. நம்ம மாரியாத்தா கோயில்ல நுழைஞ்ச மாதிரி இருக்குது. இன்னும் ரெண்டு குடுங்க!"

அஸ்கரி விருட்டென்று எழுந்தாள். "மணக்குதா? வெள்ளை வத்தியா?"

"நீங்க குடுத்ததுதான்."

அஸ்கரி ஓடிப்போய் மீதமிருந்த பொட்டலத்தைப் பிரித்து முகத்தோடு வைத்து இழுத்தாள். ஒன்றுமே தெரியவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படித்தான். தேய்த்துப் பார்த்தாள், ஒடித்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீரை மோந்து பார்ப்பதும் அதுவும் ஒன்றுதான். அப்புறம்தான் ஆம்பூர்க் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இருட்டியதும் சாலம்மாள் புழு வீட்டுக்குள் போவாள். கரண்டு போகும். புதுப் பொட்டலத்தைப் பிரிப்பாள். பிரித்தவளுக்கு வாசம் தெரியாதா? தெரியலாம். பொட்டலத்திலேயே கொஞ்சம் அத்தர் வாடை ஒட்டியிருக்கும், பாயம்மா வீட்டுப் பொருள் என்றால் அப்படித்தான் என்று நினைத்து ஏற்றிவிடவும் செய்யலாம். மூங்கில் தட்டு முழுக்க நெளியும் புழுக்கள் சுருண்டு கிடப்பது அவள் கண் முன்னால் வந்தது. கிணறு போச்சு, தோட்டம் போச்சு. தன்னை நம்பிய பாவத்துக்கு ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். அதை நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"தீர்த்தம்மா, எங்கூட கெளம்பு. கம்பைநல்லூர் போறம்."

"நானு எதுக்குக்கா?"

"எனக்கு மூக்கு இல்லடி. எது மணக்குது, எது மணக்கலன்னு நீதான் சொல்லணும்."

தீர்த்தம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு, வடித்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு வந்தாள். அந்த உபகாரத்தை அஸ்கரி கடைசி வரை மறக்கவில்லை.

பஸ்ஸா அது! கேட்டில் நின்றது. கூட்ஸ் வண்டி ஒன்று பெட்டி பெட்டியாக ஊர்ந்துகொண்டே இருந்தது. கேட் திறந்து கிளம்பினால், வழியில் ஒருத்தன் ஆட்டுக்குட்டியை ஏற்றுவதற்குக் கண்டக்டரோடு சண்டை பிடித்தான். அஸ்கரி சீட்டின் நுனியில் உட்கார்ந்து முன்கம்பியைப் பிடித்திருந்தாள். வாய் துஆ ஓதிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்த கிழவர் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தீர்த்தம்மாள் அதைப் பார்த்தாள். அஸ்கரி பார்க்கவில்லை. வெயில் இறங்குவதைத் தவிர அவள் கண்ணுக்கு வேறெதுவும் படவில்லை.

ஊருக்கு வெளியே நிறுத்தத்தில் இறங்கி, முசுக்கொட்டைத் தோட்டத்து வரப்பில் ஏறும்போது மங்கலாகிவிட்டது. தூரத்தில் சாலம்மாள் வீட்டு பல்பு தெரிந்தது. அல்லாவே, கரண்டு இருக்கிறது! அஸ்கரிக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சை விடுவதற்குள் ஊரே ஒரு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துபோனது.

அவள் ஓடினாள். செருப்பு வாய்க்காலில் போனது. சேலை முசுக்கொட்டைக் குச்சியில் மாட்டிக் கிழிந்தது. பின்னால் தீர்த்தம்மாள் "அக்கா, மெதுவா! அக்கா!" என்று கத்திக்கொண்டு வந்தாள். வீட்டை ஒட்டிய புழு வீட்டின் சாக்குத் திரைக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு வெளிச்சம் எழுந்தது. ஏற்றிவிட்டார்கள்.

அஸ்கரி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். சுவர்ப் பலகையில் எரிந்த மெழுகுவர்த்தியை ஒரே ஊதாக ஊதி அணைத்தாள். "ஏத்தாதீங்க! வாசம் இருக்குது, ஏத்தாதீங்க!"

இருட்டில் கையில் தழையோடு நின்ற சாலம்மாள் அலறிவிட்டாள். "யாரது? ஏங்க, ஓடியாங்க! யாரோ உள்ள பூந்துட்டாங்க!"

அவள் புருஷன் சென்றாயன் டார்ச் லைட்டோடு ஓடி வந்தார். வெளிச்சம் அஸ்கரி முகத்தில் விழுந்தது. அப்புறம் பலகையில், அப்புறம் தட்டுகளில். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சடசடவென்று தழை தின்றுகொண்டிருந்த புழுக்கள் தலையைத் தூக்கியபடி நின்றன. ஒன்றுகூடத் தின்னவில்லை.

"பாயம்மா, அது பழைய வத்திங்க. போன சந்தையில வாங்குனது" என்றாள் சாலம்மாள். "புதுப் பொட்டலம் வூட்டுல கெடக்குது, பிரிக்கவே இல்ல. வாசம் வத்தியில இல்லீங்க. உங்க மேல இருக்குது. மொதல்ல வெளிய போங்க. தயவுசெஞ்சி போங்க!"

அஸ்கரி வெளியே வந்தாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. களத்தைத் தாண்டி, கிணற்றுமேட்டைத் தாண்டி, காற்று புழு வீட்டுப் பக்கம் அடிக்காத மூலையாகப் பார்த்து நின்றாள். புழுவைக் காப்பாற்ற வந்தவள் வருஷக்கணக்கான அத்தரைச் சேலையில் சுமந்துகொண்டு நேராகப் புழுவின் மேலேயே போய் விழுந்திருக்கிறாள். இதை எந்தக் கோர்ட்டில் சொன்னாலும் நம்புவார்களா? அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

சென்றாயன் சாக்குத் திரைகளைக் கழற்றிப் போட்டு, காற்று வந்து போக வழி செய்தார். பழைய தழையை எல்லாம் அள்ளி வெளியே கொட்டினார். தட்டுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றினார். அஸ்கரி பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை, ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தீர்த்தம்மாள் வீட்டுக்குள் போய்ப் புதுப் பொட்டலத்தை வாங்கி, ஒவ்வொன்றாக மோந்து பார்த்துவிட்டு வந்தாள். "அக்கா, பாதிக்குப் பாதி மல்லி மணக்குது. நாம வந்தது தப்பில்ல. ஏத்தியிருந்தா வாசம் வூடு பூரா நின்னிருக்கும்."

"நானும் அதத்தான்டி செஞ்சிட்டு வந்து நிக்கறன்."

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. புதுத் தழை போட்டிருக்கிறது, புழு இன்னும் வாய் வைக்கவில்லை என்று சாலம்மாள் தூரத்திலிருந்தே சொன்னாள். "போயிட்டு வாங்க" என்றுகூடச் சொன்னாள். இந்த நிலைமையிலும் அந்த மரியாதை வந்ததே என்று அஸ்கரி பஸ்ஸில் தலைகுனிந்து அழுதாள்.

அதற்கப்புறம் வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று அப்துல் சுபானைக் கேட்க வேண்டும். அடுப்பு மூட்டவில்லை. அச்சுகள் கவிழ்ந்து கிடந்தன. வாடிக்கைக்காரர்கள் வந்து கேட்டால் மெழுகு வரவில்லை என்று பொய் சொன்னாள். கம்பைநல்லூர் பஸ் தெருமுனையில் நிற்கும் சத்தம் கேட்டாலே, போட்டது போட்டபடி எழுந்து நிற்பாள். போய் விசாரித்து வரவும் தைரியம் இல்லை. அவள் போனாலே ஆபத்து என்பதுதான் தெரிந்துவிட்டதே! "சரி, புழுதானே, விடு" என்று கணவர் ஒருமுறை சமாதானம் சொன்னார். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

ஒரு நாள் காலையில் தெரு நடுவிலிருந்து சாலம்மாளின் குரல் கேட்டது. அஸ்கரி வாசலுக்கு வந்தாள்.

"கூடு கட்டிடுச்சுங்க" என்றாள் சாலம்மாள். "ரெண்டு தட்டு புழு திங்காமயே போயிடுச்சு, பொய் சொல்லக் கூடாது. மத்ததெல்லாம் விடியறதுக்குள்ள வாய் வெச்சிடுச்சு. நேத்து கூட்ட அங்காடியில வித்துட்டு வந்தம். கெணறு தோண்ட ஆளு சொல்லியாச்சு."

அஸ்கரி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "உள்ள வாங்க. ஒரு வாய் டீயாச்சும் குடிச்சிட்டுப் போங்க."

"வரமாட்டங்க. நாளைக்கு புதுப் புழு எறக்கறம். உங்கூட்டுக்குள்ள வந்துட்டு நானு எப்படி புழுகிட்ட போறது?" சாலம்மாள் பட்டென்று சொல்லிவிட்டு, உடனே குரலை இறக்கினாள். "கோவிச்சிக்காதீங்க. உங்க வத்திதான் வேணும். ஆனா இந்த வூட்டுல செய்யாதீங்க. வேற எடத்துல செய்யுங்க."

தீர்த்தம்மாள் வீட்டின் பக்கவாட்டில் விறகு போட்டு வைக்கும் கூரை இறக்கம் ஒன்று இருந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அஸ்கரி காலையில் எழுந்ததும் தீர்த்தம்மாள் வீட்டுக் கொல்லையில் சோப்பு இல்லாமல் அரப்பு தேய்த்துக் குளித்து, அங்கேயே துவைத்து அங்கேயே காயப்போட்ட சேலையைக் கட்டிக்கொண்டுதான் மெழுகுப் பக்கம் போவாள். ஒவ்வொரு வார்ப்பையும் தீர்த்தம்மாள் மோந்து பார்த்த பிறகுதான் பொட்டலம் கட்டுவார்கள். சம்பாத்தியத்தில் தீர்த்தம்மாளுக்குச் சரிபாதி. ரோஸ் கலர் மெழுகுவர்த்தி செய்வதை அஸ்கரி அடியோடு விட்டுவிட்டாள். அத்தர் குப்பிகளைக் கழுவி ஊற்றிய பழைய டம்ளர்களில் இப்போது வீட்டில் தண்ணீர் குடித்தார்கள். கேட்டால் சிரிப்பாள். மனசுக்குள் அது வலித்தது.

அப்துல் சுபானுக்கும் வருத்தம்தான். அந்த இறக்கத்தின் பக்கமே அவர் போகக் கூடாது. ஒரு நாள் கேட்டேவிட்டார், "என் வாசம் உனக்கு ஆகாமப் போச்சா?"

"எனக்கு ஆவாதுன்னு யாரு சொன்னா? எனக்குத்தான் தெரியவே தெரியாதே. புழுவுக்கு ஆவாது" என்றாள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிக்குப் போனார்.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. கம்பைநல்லூர் தாண்டியும் ஆட்கள் தேடி வந்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு பொட்டலம் போகும்போதும் இன்னொரு தடவை தீர்த்தம்மாளை மோந்து பார்க்கச் சொல்வாள். தீர்த்தம்மாளுக்கு ஒரு நாள் சளி பிடித்தால் அன்று வேலையையே நிறுத்திவிடுவாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு சாயங்காலம். தீர்த்தம்மாள் உருகிய மெழுகை அச்சில் ஊற்றப் போனாள். அஸ்கரி சட்டென்று அவள் கையைப் பிடித்தாள். "ஊத்தாத! என்னவோ வாசம் வருது."

"எனக்கு வல்லியே அக்கா."

"வருதுடி. எனக்கே வருது!"

அஸ்கரி பதறிப்போய் டின்னைத் திறந்தாள். திரி நூலை முகர்ந்தாள். அச்சில் தடவும் தேங்காய் எண்ணெயை முகர்ந்தாள், சேலைத் தலைப்பை முகர்ந்தாள். எதிலும் இல்லை. ஆனால் வாசம் நெருங்கிக்கொண்டே வந்தது. ரோஜா மாதிரி, சந்தனம் மாதிரி, இரண்டுக்கும் நடுவில் வேறு ஏதோ ஒன்று மாதிரி. வெளியே வந்து பார்த்தாள். தெருக்கோடியில் ரயிலிலிருந்து இறங்கி, தோளில் பெட்டியோடு அப்துல் சுபான் வந்துகொண்டிருந்தார்.

"அங்கயே நில்லுங்க!" என்று கத்தினாள்.

அவர் நின்றார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் பெட்டியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

பகலெல்லாம் அத்தர் படாத இறக்கத்தில் இருந்து இருந்து, நின்றுபோன மூக்கு வேலைக்குத் திரும்பியிருந்தது. இந்த மனுஷன் இவ்வளவு மணப்பாரா! இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்தும் தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் நிறைந்தது. அடி சீவக் கையில் வைத்திருந்த கத்தியைக் கீழே போட்டாள். நடந்து போய் அவருக்கு எதிரே நின்றாள். தெருவில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல், மூச்சை நன்றாக இழுத்தாள்.

அன்றைக்கு மீதி வார்ப்பைத் தீர்த்தம்மாள் தனியாகத்தான் ஊற்றி முடித்தாள்.